போன கிழமை சொன்னது பிழை

கண்டியில் எங்கள் பங்குக் கோயிலுக்குக் குருவாக வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே அவர் எல்லாரையும் ஏசினார்.

தமிழ்ப் பூசை காலை ஏழு மணிக்கு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் வாசகங்கள் முடிந்து பிரசங்கம் தொடங்குகிற நேரத்தில்தான் கோயிலுக்குள் நுழைவார்கள். ஈரக் குடையைத் தூணில் சாய்த்துவிட்டுப் பின்வரிசையில் ஒண்டிக்கொள்வார்கள். "சந்தைக்கு நேரத்துக்குப் போறியள், பூசைக்கு மட்டும் நேரம் இல்லையோ?" என்று பீடத்திலிருந்து கேட்டார். வடக்கில் ஏதோ கடலோர ஊரிலிருந்து வந்தவர். அந்தப் பேச்சு எங்களுக்குப் புதிது, அதனால் ஏச்சுகூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் கேட்டது. பின்வரிசை தலையைக் குனிந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எழுந்தவர் நற்செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"போன கிழமை நான் சொன்னது பிழை" என்றார். "நேற்றுக் காலமை நான் ஹந்தானைக்குப் போய் அங்கயிருந்து நடந்து இறங்கினனான். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ் இல்லையெண்டு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவேணும், கேக்கேல்ல. நீங்கள் பிந்தி வரேல்ல, பூசையைத்தான் முந்தி வைச்சிருக்கு. வாற கிழமையிலயிருந்து ஏழரை."

அவ்வளவுதான் பிரசங்கம். போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருபது வருடமாக அந்தக் கோயில் பாட்டுக்குழுவில் இருப்பவள் நான். பிழை என்ற சொல்லைப் பீடத்திலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுவரை அது எங்களுடைய பிழையாகத்தான் இருந்தது.

அவருடைய பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் தாராளமாக எழுதுங்கோ என்றுதான் சொல்லியிருப்பார். எழுதாமல் விடுவது என் முடிவு.

தான் சொன்னது பிழை என்று தெரிந்துவிட்டால் அவரால் இருந்த இடத்தில் இருக்க முடியாது. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் ஒரு முஸ்லிம் அம்மாவும் மகளும் அலவத்துகொடைக்கு எங்கே பஸ் ஏறுவது என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார். பங்கு அலுவலகத்துக்கு வந்து, தேத்தண்ணியை வாயில் வைத்தவர், "ஐயோ, அது மற்றத் தரிப்பிடம் எல்லோ" என்று கோப்பையை அப்படியே வைத்துவிட்டு இறங்கி ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். அங்கியெல்லாம் வேர்வை. கையில் ஒரு பொட்டலம் கடலை.

"அவை வேற ஆரையோ கேட்டு பஸ்ஸில ஏறி இருந்திட்டினம். நான் யன்னலால மன்னிப்புக் கேட்டன். 'பரவால்ல மகன், இதச் சொல்லவா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க' எண்டு அந்த உம்மா இதைத் தந்து விட்டவ."

சிரிக்கத்தக்க விஷயம்தான். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஒரு பெரிய மனிதரின் மரணப் பூசையில், நல்ல தகப்பனாக வாழ்ந்தவர் என்று பிரசங்கத்தில் சொன்னார். எல்லா மரணப் பூசையிலும் எல்லாச் சாமிமாரும் சொல்வதுதான். மறுநாள் அந்த வீட்டுக்குப் போய், இறந்தவரின் மூத்த மகளைத் தனியாக முற்றத்துக்குக் கூப்பிட்டு, "நேற்று நான் உங்கட அப்பாவைப் பற்றிச் சொல்லேக்க உங்கட முகத்தைப் பார்த்தனான். எனக்குத் தெரியாத ஒண்டை நான் சொல்லியிருக்கக்கூடாது" என்றாராம். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள் என்று அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, ஒரு சின்னப் பயமும் வந்தது. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற மனிதர் என் முகத்தில் எதையெல்லாம் பார்த்திருப்பாரோ என்ற பயம்.

ஏனென்றால் என் முகத்தில் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தமிழ்ப் பாடசாலை ஒன்றில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அப்போது டவுனில் அண்ணன் வீட்டில், அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தேன். வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் நேரே பங்கு அலுவலகத்துக்குப் போவேன். ஞாயிறு அறிவித்தல் தாளை அவர் சொல்லச் சொல்ல நான் கம்பியூட்டரில் அடிப்பேன். அலுவலகக் கதவும் யன்னலும் எப்போதும் திறந்தே இருக்கும். வேலை ஒரு மணி நேரம். பேச்சு இன்னும் ஒரு மணி நேரம். பாட்டு, பாடசாலை, அவர் ஊர்க் கடல், எங்கள் ஊர் மழை. என்னிடம் இவ்வளவு கவனமாகக் கேள்வி கேட்டு, பதிலை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஆண் அதற்கு முன் ஒருவரும் இல்லை. புதன்கிழமையே சேலையை அயர்ன் பண்ணி வைக்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் அண்ணி கவனித்துவிட்டார். "வியாழக்கெழமைன்னா மட்டும் நல்ல சாரியா இருக்கே" என்றார். "மீட்டிங் அண்ணி" என்றேன்.

அவர் குரு. நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் அவரிடம் போகாமல் வேறு கோயிலுக்குப் போனேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பாட்டுக்குழுவின் பழைய கீபோர்ட் பழுதாகி, புதிது வாங்க ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் டவுன் கடைக்குப் போனோம். வாங்கிக்கொண்டு வெளியே வர மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீல் ஒன்றும் நிற்கவில்லை. வாவிக்கரை ஓரமாக நடந்தோம். பெட்டியை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். அவர் தன் கறுப்புக் குடையைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டி நனையவில்லை. நாங்கள் இருவரும் தெப்பமாக நனைந்தோம். "டீச்சர், நாங்கள் கடையில பொலித்தீன் ஒண்டு கேட்டிருக்கலாமெல்லோ" என்று அவர் சொல்ல, இவ்வளவு தூரம் நடந்த பிறகு சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

அந்த நேரத்தில் யாரோ ஃபோட்டோ எடுத்திருக்கிறார்கள்.

கண்டி வாவிக்கரையில் ஒரு குடைக்குள் ஒரு ஆணும் பெண்ணும் நின்றால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அது தெரியும். அந்தப் படத்தில் பெட்டி பாதிதான் தெரிந்தது. என் முகம் முழுதாகத் தெரிந்தது. அந்த முகத்தை இப்போது பார்த்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவ்வளவு சந்தோஷமான முகம்.

ஞாயிறு பூசைக்கு முன்பே படம் எல்லாருடைய ஃபோனிலும் இருந்தது. அறிவித்தல் நேரத்தில் அவர் தானே எடுத்துச் சொன்னார். "ஒரு படம் திரியுது. குடை கீபோர்டுக்குப் பிடிச்சது. கீபோர்ட் இஞ்ச இருக்கு, பாருங்கோ, நனையேல்ல." கொஞ்சப் பேர் சிரித்தார்கள். நம்பினவர்கள் அதிலும் கொஞ்சம்.

ஒரு மாதத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. வியாழக்கிழமை விஷயம் சேர்ந்துகொண்டது. நான் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் இரண்டு நாள் பார்க்க வந்ததும் சேர்ந்துகொண்டது. பாடசாலை வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கெலிஓயாவில் கடை வைத்திருந்த ஒருவருக்கு என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பேச்சு நின்றது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. ஒழுக்கமில்லாத டீச்சரைப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வைத்திருக்கலாமா என்று கேட்டு. பிரின்சிபல் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் நம்பல டீச்சர். ஆனா விசாரண வந்தா என்னால ஒண்ணும் பண்ண ஏலாது" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கதிரையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாநகரசபையில் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர்.

"கோயிலுக்குப் போறத நிப்பாட்டிரு தங்கச்சி" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யலண்ணா."

"தெரியும். அதுனாலதான் ஏசாமக் கேக்குறேன்."

அண்ணி அடுப்படியில் நின்று அழுதார். அந்தப் படத்தைத் தன் அக்காவுக்கு அனுப்பினது தான்தான் என்று அன்றுதான் சொன்னார். "எனக்கு யாரோ அனுப்புனத, ஒன் மூஞ்சி நல்லா இருந்துச்சேன்னு அனுப்புனேன். அவ அதக் குரூப்ல போட்டுட்டா." அண்ணியைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

இரண்டு வியாழன் நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வியாழன் பாடசாலை விட்டு வரும்போது வாசலுக்கு எதிரே அவர் நின்றார். தாய்மார் எல்லாரும் பார்க்க, வீதியைக் கடந்து வந்தார்.

"டீச்சர், உங்களோட கதைக்கவேணும். எல்லாரும் பாக்கிற இடத்திலதான் கதைக்கவேணும். கோயில் வளவில வாங்கில இருப்பம், வாறியளோ?"

போனோம். நல்ல வெயில். கோயில் முற்றத்து வளவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் மரப்பலகை வாங்கின் ஒரு முனையில், நான் மறு முனையில்.

"ஃபாதர், நீங்க வேற எடத்துக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா எல்லாம் அடங்கிரும்" என்று நானே தொடங்கினேன். இரண்டு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

"நான் போனால் எனக்கு அடங்கும். உங்களுக்கு அடங்காது. அவளாலதான் சாமி போனவர் எண்டு உங்கட தலையில நிக்கும்." என் பக்கம் திரும்பினார். "ஒண்டுமில்லை எண்டு சொல்லிப் பாத்தன். நம்பேல்ல. இனி ஏன் ஒண்டுமில்லை எண்டதைத்தான் சொல்லவேணும். வாற ஞாயிறு பங்குச் சபைக் கூட்டத்தில சொல்லப்போறன். ஆனா அதில உங்கட பேரும் வாறதால உங்களிட்ட முதல் சொல்லவேணும். நீங்கள் வேண்டாம் எண்டால் சொல்லமாட்டன்."

"என்னா ஃபாதர்?"

"எனக்குப் பொம்பிளையளில மனம் போறேல்ல, டீச்சர். ஒருநாளும் போனதில்லை. ஆம்பிளையளிலதான் போகும். பதினாறு வயசிலயிருந்தே தெரியும்." ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார். "அதின்படி ஒருநாளும் நடந்ததில்லை. துறவியா வாழுறன் எண்டு வாக்குக் குடுத்தனான், காப்பாத்தி வாறன். குருமடத்துக்கு எடுக்கேக்க ஒருத்தரும் என்னட்ட இதைக் கேக்கேல்ல. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். இப்ப என்னைப்போல ஆக்களை எடுக்கக்கூடாதெண்டு எழுத்தில இருக்கு. கேக்காததைச் சொல்லாமல் விட்டது பொய்யா இல்லையா எண்டு இருவது வருசமா யோசிக்கிறன்."

ஒரு மைனா வாங்குக்கு முன்னால் தத்திக்கொண்டு திரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது வெட்கம். அயர்ன் பண்ணிய அத்தனை சேலைகளும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்குப் பின்னால் வந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் கறுப்பாக இருந்ததால் இல்லை. வயது போனதால் இல்லை. தோட்டத்துப் பிள்ளை என்பதால் இல்லை. அவர் குரு என்பதால்கூட இல்லை. என்னில் எதுவும் குறையாமலே அது நடக்காத காரியம். வாங்கில் உட்கார்ந்தபடியே எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

ஆனால் அவருக்காகப் பயமும் வந்தது. "இதச் சொல்லணுமா ஃபாதர்? ஒங்கள என்னா செய்வாங்களோ. சட்டத்துல வேற என்னென்னமோ இருக்குன்னு சொல்றாங்க."

"நான் ஒண்டும் செய்யேல்லையே, டீச்சர். மனம் எந்தப் பக்கம் போகுதெண்டதுக்கு என்ன வழக்கு?" பிறகு, "எனக்கும் பயம்தான்" என்றார்.

"சொல்லுங்க ஃபாதர்" என்றேன்.

கூட்டம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று அறுபது பேருக்கு மேல். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். அண்ணனும் அண்ணியும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வரமாட்டேன் என்று சொன்ன அண்ணன், காலையில் நான் புறப்பட்டபோது சட்டை மாற்றி வாசலில் நின்றார்.

செயலாளர் ஐயா, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து சுற்றி வளைத்துப் பேசினார். பங்கின் நற்பெயர், மக்களின் மனக்கலக்கம், சாமி தானாகவே மாற்றம் கேட்டால் நல்லது என்று சிலருடைய அபிப்பிராயம். அவர் உட்கார்ந்ததும் ஃபாதர் எழுந்தார்.

வாங்கில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், "டீச்சருக்கும் எனக்கும் இடையில ஒண்டுமில்லை. ரெண்டு பக்கமும் ஒண்டுமில்லை. அவவின்ர பேரை விட்டிடுங்கோ. என்னைப் பற்றி என்ன கேக்கவேணுமோ என்னட்டக் கேளுங்கோ" என்றார்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கதிரையைச் சத்தமாகத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் அவர் மனைவியும் போனார். என் கையை அண்ணி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு தகப்பன் கேட்டார். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. சின்னப் புள்ளைக வர்ற எடம் இது."

ஃபாதர் கோபப்படவில்லை.

"நான் சொன்னதுக்கும் அதுக்கும் தொடர்பில்லை. பிள்ளையளுக்குத் தீங்கு செய்யிறவன் குற்றவாளி. அவனுக்கு மனிசி பிள்ளை இருந்தாலும் அவன் குற்றவாளிதான். ஆனா நீங்கள் கேட்டது சரி. என்னட்ட மட்டுமில்லை, எந்தச் சாமி வந்தாலும் கேளுங்கோ. நான் வந்த நாளிலயிருந்து மறைக்கல்வி வகுப்பு இந்த மண்டபத்தில, கதவு திறந்து, ரெண்டு டீச்சர்மாரோடதான் நடக்குது. அப்பிடியே நடக்கட்டும்."

அந்தத் தகப்பன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அப்போது செபமாலை அக்கா எழுந்தார். ஹந்தானையில் கொழுந்து எடுக்கிறவர், பங்குச் சபையில் தோட்டத்து ஆட்களுக்காக இருந்த ஒரே ஆள். வழக்கமாகக் கூட்டங்களில் வாயே திறக்காதவர்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல சாமி" என்றார். "நீங்க கல்யாணமே கட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"ஓம், அக்கா."

"கட்டாத ஆளு யாரக் கட்டலன்னா எங்களுக்கு என்னா?"

சுவரோரம் நின்ற யாரோ 'க்ளுக்' என்றார்கள். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. அண்ணன் சிரித்தார். செயலாளர் ஐயா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று செபமாலை அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஃபாதர் கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன.

எல்லாம் அந்தச் சிரிப்போடு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பிழை. மூன்று குடும்பங்கள் வேறு கோயிலுக்குப் போய்விட்டன. பாட்டுக்குழுவில் நன்றாகப் பாடிய ஒருத்தியை அவளுடைய புருஷன் நிறுத்திவிட்டான். சிலர் நற்கருணை வாங்க அவர் நின்ற வரிசையை விட்டு மற்ற வரிசைக்குப் போனார்கள். அவர் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார். ஆனால் மறுவாரமே செயலாளர் ஐயா தன் தபால் கந்தோர்க் கையெழுத்தில், டீச்சரைப் பற்றிய கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று கல்வி அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். விசாரணை வரவில்லை. அண்ணி தன் அக்காவுக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் சண்டை பிடித்தார். மொட்டைக் கடிதம் போட்டது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை.

கூட்டம் நடந்த இரண்டு நாளில் கொழும்பிலிருந்து அவருடைய துறவற சபையின் பெரியவர் கூப்பிட்டனுப்பினார். ஒரு சின்னப் பையோடு போனார். அந்த ஞாயிறு வேறொரு சாமி வந்து பூசை வைத்தார். அடுத்த ஞாயிறும் அவரேதான். இனி வரமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சொல்லச் சொன்னவள் நான்தானே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு செபமாலை அக்கா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சாமி வருவாரா டீச்சர்? நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமோ?" என்று கேட்டார்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, பழக்கத்தில் கால் அலுவலகத்துப் பக்கம் போனது. கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து, தான் இல்லாதபோது வந்த சாமி அடித்துவைத்த அறிவித்தல் தாளைச் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஃபாதர்!"

"இருங்கோ டீச்சர். மூண்டு இடத்தில எழுத்துப் பிழை."

நான் உட்காரவில்லை. நின்றபடியே, "என்னா சொன்னாங்க?" என்றேன்.

பேனையை மூடினார். "வாக்கைக் காப்பாத்துறியா எண்டு கேட்டார். ஓம் எண்டன். தனிய இருக்கிறது கஷ்டமோ எண்டார். ஓம் எண்டன். மற்றச் சாமிமாரைவிடக் கூடக் கஷ்டமோ எண்டார். தெரியாது, நான் அவையளை இன்னும் கேக்கேல்ல எண்டன். பிறகு அவர் தன்னைப் பற்றிச் சொன்னார், அது எனக்குச் சொன்னது, உங்களுக்குச் சொல்ல ஏலாது. மூண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் கதைச்சம். நேற்று, பூசை வைக்க ஆளில்லை, போய் வேலையைப் பார் எண்டிட்டார்."

அன்று வீட்டுக்குப் போய் நான் மூன்று பேருடைய சோற்றைச் சாப்பிட்டேன் என்று அண்ணி இன்றும் சொல்வார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் பங்கில் இருந்தார். அவரில் நான் கண்ட மாற்றம் ஒன்றுதான். முன்பெல்லாம் பிழை திருத்த ஓடும்போது முகத்தில் ஒரு கலவரம் இருக்கும், வீட்டுக்கு நெருப்புப் பிடித்துவிட்ட மாதிரி. அது இல்லாமல் போனது. பிழை விடுவதும் திருத்துவதும் குறையவில்லை, ஆனால் சாவகாசமாகத் திருத்தினார். சில பிழைகளை அடுத்த கிழமைவரை காத்திருக்கவும் விட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்று ஒருதடவை சொன்னார். பாட்டுக்குழுப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்து பாடவும் தொடங்கினார். அவருக்குச் சுருதி என்பது கொஞ்சமும் கிடையாது. பீடத்தில் ஏன் அவர் பாடாமல் வாசித்தே பூசையை முடித்தார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சொல்ல மனமில்லாமல் நாங்கள் சகித்துக்கொண்டோம்.

நானும் வியாழக்கிழமைகளில் பாடசாலைக்குக் கட்டின சேலையோடே போனேன். பேச்சு முன்பைவிட நன்றாக இருந்தது. காத்திருப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது ஒரு மனிதரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

வழக்கமான இடமாற்றத்தில்தான் போனார். ஆறு வருடம் முடிந்தால் எல்லாருக்கும் வருவது. வடக்கில் ஒரு பங்கு, கடலுக்குப் பக்கத்தில். சந்தோஷமாக இருந்தார். கடைசி வியாழன் அறிவித்தல் தாளை அடித்து முடித்த பிறகு நான் அவரிடம் சொன்னேன். சொல்லவேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை.

"ஃபாதர், அந்தப் படம் முழுசாப் பொய்யில்ல. என் பக்கம் கொஞ்சம் உண்ம இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா அப்ப இருந்துச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் எல்லாவற்றையும் பார்த்திருப்பார் என்று நான் பயந்தேனே, அவர் இதைப் பார்த்திருக்கவே இல்லை. காது வரை சிவந்துபோனார்.

"எனக்குத் தெரியேல்ல, டீச்சர். உண்மையாத் தெரியேல்ல." வெளியே பார்த்தார். "குருமடத்தில எனக்கும் ஒருத்தரில மனம் இருந்தது. நாலு வருசம். ஒருநாளும் சொல்லேல்ல. அவருக்கு இண்டைக்கும் தெரியாது. அப்ப நீங்களும் இஞ்ச இருந்துகொண்டு…" என்று நிறுத்தினார்.

"ஆமாங்க ஃபாதர். தாள் அடிச்சுக்கிட்டு."

சிரிப்போம் என்று நினைத்தேன். ஆனால் அவர் நெற்றி சுருங்கிக்கொண்டு வந்தது. அந்த நெற்றியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

"அப்ப நான் கூட்டத்தில, ரெண்டு பக்கமும் ஒண்டுமில்லை எண்டு சொன்னது…"

"ஃபாதர்" என்றேன். "தயவுசெஞ்சு அதத் திருத்தப் போயிராதீங்க."

அவ்வளவு பேர் முன்னால் தான் சொன்னது உண்மையில்லை என்பது அவரை உள்ளே என்ன பாடு படுத்துகிறதென்று எனக்கு அப்படியே தெரிந்தது. மேசையில் இருந்த பேனையை எடுத்தார், வைத்தார்.

"சரி" என்றார் கடைசியில். "அது உங்கட. நீங்கள் சொன்னால் சொல்லுங்கோ, சொல்லாட்டி விடுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தோம். வளவில் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த செபமாலை அக்கா யன்னலால் எட்டிப் பார்த்து, "என்னா சாமி, போறதுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்று கேட்டார்.